பிரம்மாண்ட ஓப்பன் வேர்ல்டு கேம்கள்: போட்ட பணம் எப்படித் திரும்ப வருகிறது?

மார்வெல்ஸ் ஸ்பைடர்-மேன் 2 கேமைத் தயாரிக்க ஆன செலவு ஏறத்தாழ 30 கோடி டாலர். இதை அந்த கேமை வெளியிட்ட சோனி நிறுவனம் அறிவிக்கவில்லை. அந்த கேமை உருவாக்கிய இன்சோம்னியாக் ஸ்டூடியோவின் உள் ஆவணங்களை 2023 டிசம்பரில் ஹேக்கர்கள் திருடி இணையத்தில் கொட்டியபோதுதான் வெளியே தெரிந்தது. அதே ஆவணங்களில் இன்னொரு கணக்கும் இருந்தது. போட்ட பணம் திரும்ப வருவதற்கே சுமார் 72 லட்சம் பேர் முழு விலை கொடுத்து வாங்கியாக வேண்டும். லாபம் என்ற பேச்சே அதற்கு அப்புறம்தான்.

2018-ல் வந்த முதல் பாகத்துக்கு ஏறக்குறைய இதில் மூன்றில் ஒரு பங்குதான் செலவு. ஐந்தே வருடத்தில் செலவு மூன்று மடங்காகிவிட்டது. ஆனால் கேமின் விலை 60 டாலரிலிருந்து 70 டாலருக்குத்தான் ஏறியது. வாங்குகிறவர்களின் கூட்டமும் மூன்று மடங்கு ஆகவில்லை. பெரிய பட்ஜெட் கேம்களைப் பற்றி இன்று நடக்கும் விவாதம் எல்லாம் இந்த இடைவெளியைச் சுற்றித்தான். "சிங்கிள் பிளேயர் (தனியாக விளையாடும்) கேம்களின் காலம் முடிந்துவிட்டது" என்று சிலர் சொல்வதும் இதை வைத்துத்தான். எனக்கு அந்த முடிவில் உடன்பாடு இல்லை. ஏன் என்று பார்ப்பதற்கு முன், பணம் எங்கே போகிறது, எங்கிருந்து வருகிறது என்று முதலிலிருந்து பார்த்துவிடலாம்.

இவ்வளவு செலவு எதற்கு?

கேம்களைப் பொதுவாக இரண்டு விதமாகக் கட்டலாம். ஒன்று, நேர்கோட்டில் போகும் கேம். ஒரு காட்சி முடிந்தால் அடுத்த காட்சி; எந்தப் பாதையில் நடக்க வேண்டும் என்பதை ஸ்டூடியோதான் தீர்மானிக்கும். இன்னொன்று ஓப்பன் வேர்ல்டு. ஒரு நகரத்தையோ நாட்டையோ மொத்தமாகக் கட்டி உங்கள் முன் வைத்துவிடுவார்கள். எங்கே போவது, எதை முதலில் செய்வது, எதை விட்டுவிடுவது என்பதெல்லாம் உங்கள் இஷ்டம். இதை ஆன்லைனில் பிறரோடு சேராமல் தனியாக, கதையோடு விளையாடும்படி செய்தால் அதுதான் சிங்கிள் பிளேயர் ஓப்பன் வேர்ல்டு.

இரண்டுக்கும் உள்ள செலவு வித்தியாசம் ஒரு சின்ன உதாரணத்திலேயே புரிந்துவிடும். கேமில் ஒரு கிராமம் இருக்கிறது. அங்கே ஒரு கொல்லர். அவருடைய மகள் காட்டில் காணாமல் போய்விட்டாள். நீங்கள் தேடிக் கூட்டிவர வேண்டும். நேர்கோட்டு கேம் என்றால் கொல்லர் பேசுவார், நீங்கள் காட்டுக்குப் போவீர்கள், சண்டை நடக்கும், மகள் கிடைப்பாள். நான்கு காட்சிகளோடு வேலை முடிந்தது. ஓப்பன் வேர்ல்டில் அப்படி முடியாது. கொல்லரைப் பார்ப்பதற்கு முன்பே நீங்கள் தற்செயலாகக் காட்டுக்குள் போய் அந்தப் பெண்ணைக் கண்டுபிடித்துவிட்டால் என்ன ஆகும்? இரவு இரண்டு மணிக்குப் போய்க் கதவைத் தட்டினால் கொல்லர் பட்டறையில் இருப்பாரா, தூங்கிக்கொண்டிருப்பாரா? மழை பெய்தால் வெளியே நின்று பேசுவாரா? திரும்பும் வழியில் நீங்கள் ஆற்றில் குதித்தால் அந்தப் பெண் பின்னால் நீந்தி வருவாளா, கரையிலேயே நிற்பாளா? பாதி வழியில் அவளை விட்டுவிட்டு நீங்கள் வேறு ஊருக்குப் போய்ப் பத்து மணி நேரம் கழித்து வந்தால்?

இப்படி ஒவ்வொரு கேள்விக்கும் யாரோ ஒருவர் பதில் யோசிக்க வேண்டும். அப்புறம் வசனம் எழுத வேண்டும், குரல் பதிவு செய்ய வேண்டும், அனிமேஷன் செய்ய வேண்டும். பல மொழிகளில் டப்பிங் உண்டு என்றால் அத்தனை மொழியிலும் மறுபடி பதிவு. கடைசியில் டெஸ்டர்கள் உட்கார்ந்து எல்லாக் குறுக்கு வழிகளிலும் போய்ப் பார்க்க வேண்டும். இது ஒரு சின்னத் துணைக் கதைக்கு. பெரிய கேமில் இப்படி நூற்றுக்கும் மேல் இருக்கும். அதில் பலவற்றை வாங்கியவர்களில் பெரும்பாலானோர் தொடக்கூட மாட்டார்கள். ஆனாலும் எல்லாமே சரியாக இருந்தாக வேண்டும், ஏனென்றால் யார் எந்தப் பக்கம் திரும்புவார் என்று யாருக்கும் தெரியாது.

இந்த வேலைக்கு ஆட்கள் வேண்டும், வருடங்கள் வேண்டும். செலவில் பெரும்பகுதி சம்பளம்தான். வளர்ந்த நாடுகளின் ஸ்டூடியோக்களில் பல காலமாகப் போடப்படும் தோராயக் கணக்கு ஒன்று உண்டு: சம்பளம், அலுவலகம், கணினி எல்லாம் சேர்த்து ஓர் ஆளுக்கு மாதம் பத்தாயிரம் டாலர். 300 பேர் என்றால் மாதம் 30 லட்சம், வருடம் 3.6 கோடி, ஐந்து வருடத்துக்கு 18 கோடி டாலர். இப்போது நிஜ எண்ணைப் பாருங்கள். 2023-ல் மைக்ரோசாஃப்ட் மீது அமெரிக்க வர்த்தக ஆணையம் தொடுத்த வழக்கில் சோனி கொடுத்த ஆவணத்தை மார்க்கர் பேனாவால் சரியாக மறைக்காமல் விட்டுவிட்டார்கள். ஹொரைசன் ஃபர்பிடன் வெஸ்ட் கேமின் கணக்கு அதில் தெரிந்துவிட்டது: 300 பேர், 5 வருடம், 21.2 கோடி டாலர். இதில் ரகசியம் எதுவும் இல்லை. ஆட்களையும் மாதங்களையும் பெருக்கினாலே கிட்டத்தட்ட அந்த இடத்துக்கு வந்துவிடுகிறோம்.

வெளியீடு தள்ளிப்போனால் ஏன் முதலீட்டாளர்கள் பதறுகிறார்கள் என்பதும் இதிலேயே விளங்கும். ஒரு வருடம் தாமதம் என்றால் அதே கணக்கில் இன்னும் 3.6 கோடி டாலர். அந்த வருடத்தில் வரவு சல்லிக்காசு கிடையாது.

விளம்பரச் செலவு தனி. சைபர்பங்க் 2077 கேமுக்கு போலந்தின் சிடி பிராஜெக்ட் நிறுவனம் செலவழித்தது 30 கோடி டாலருக்கு மேல். அதில் பாதிக்குச் சற்றுக் குறைவான தொகை விளம்பரத்துக்கே போனது.

70 டாலரில் கைக்கு வருவது எவ்வளவு?

கடையில் 70 டாலர் என்றால் ஸ்டூடியோவுக்கு 70 டாலர் வராது. ஸ்டீம், பிளேஸ்டேஷன் ஸ்டோர் போன்ற டிஜிட்டல் கடைகளின் வழக்கமான பங்கு 30 சதவீதம். ஸ்டீமில் மட்டும் ஒரு கேமின் விற்பனை 1 கோடி டாலரைத் தாண்டினால் அதற்கு மேல் 25 சதவீதம், 5 கோடியைத் தாண்டினால் 20 சதவீதம் என்று 2018-லிருந்து குறைத்துக்கொள்கிறார்கள். 30 சதவீதம் போனால் மிச்சம் 49 டாலர். பல நாடுகளில் வரியும் அந்த விலைக்குள்ளேயே அடங்கியிருக்கும். திருப்பிக் கொடுத்தவர்களுக்குப் பணத்தைத் தர வேண்டும். வேறொருவருக்குச் சொந்தமான கதாபாத்திரத்தை வைத்து கேம் செய்தால் அவர்களுக்கு உரிமைத் தொகை. வேறு நிறுவனத்தின் எஞ்சினில் (கேமை ஓடவைக்கும் அடிப்படை மென்பொருளில்) செய்தால் அதற்கும் ஒரு பங்கு உண்டு. அன்ரியல் எஞ்சினுக்கு வருவாய் 10 லட்சம் டாலரைத் தாண்டிய பின் 5 சதவீதம். ஆக, நல்ல நாளிலேயே ஒரு பிரதிக்கு 40-45 டாலர் கையில் நின்றால் பெரிய விஷயம். 30 கோடியை அதனால் வகுத்துப் பாருங்கள். 70 லட்சம் பிரதிக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். இன்சோம்னியாக் ஆவணத்தில் இருந்த 72 லட்சம் எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிந்திருக்கும்.

எல்லாப் பிரதியும் முழு விலைக்கு விற்பதில்லை என்பது அடுத்த சிக்கல். சில மாதங்களில் தள்ளுபடி தொடங்கிவிடும். பாதி விலைக்கு விற்கும் பிரதியில் கிடைப்பது இருபது டாலர்தான். ஆகவே முதல் சில வாரங்களின் விற்பனைக்கு அளவுக்கு மீறிய முக்கியத்துவம்.

இவ்வளவு ஆபத்து இருந்தும் ஏன் இந்தத் தொழிலில் இறங்குகிறார்கள்? முதல் பிரதியைச் செய்ய 30 கோடி டாலர் ஆகிறது. கோடியாவது பிரதிக்குக் கிட்டத்தட்ட எதுவும் ஆவதில்லை. போட்ட பணம் எடுக்கும் கோட்டைத் தாண்டிவிட்டால் அதற்கு மேல் வருவதில் பெரும்பகுதி லாபம். ஸ்பைடர்-மேன் 2 கூட 2024 ஏப்ரலுக்குள் 1.1 கோடி பிரதிகளைத் தாண்டி அந்தக் கோட்டைக் கடந்தது.

விற்றுக்கொண்டே இருக்கும் கேம்கள்

ஓப்பன் வேர்ல்டு சிங்கிள் பிளேயர் கேம்களுக்கு ஒரு தனிப் பலம் இருக்கிறது; பேச்சில் அது அடிக்கடி விட்டுப்போகிறது. அவை சீக்கிரம் பழசாவதில்லை. ஆன்லைன் கேமில் கூட்டம் கலைந்தால் கேமே செத்துவிடும். தனியாக விளையாடும் கேமுக்குக் கூட்டம் தேவையில்லை. பத்து வருடம் கழித்து வாங்குகிறவருக்கும் முதல் நாள் வாங்கியவருக்குக் கிடைத்த அதே உலகம், அதே கதை.

தி விட்சர் 3 இதற்கு நல்ல சாட்சி. 2015 மே மாதம் வந்தது. விளம்பரத்தையும் சேர்த்து மொத்தச் செலவு சுமார் 8.1 கோடி டாலர். 2023-ல் 5 கோடி பிரதிகளைத் தாண்டியதாக சிடி பிராஜெக்ட் அறிவித்தது. நடுவில் 2019 டிசம்பரில் இதே கதை உலகத்தை வைத்து நெட்ஃபிளிக்ஸில் ஒரு தொடர் வந்தபோது, நாலரை வருடப் பழைய இந்த கேமை ஸ்டீமில் ஒரே நேரத்தில் விளையாடியவர்களின் எண்ணிக்கை, அது வெளியான நாட்களின் உச்சத்தையே தாண்டியது. 2011-ல் வந்த ஸ்கைரிம் 6 கோடி பிரதிகளைக் கடந்திருக்கிறது.

சைபர்பங்கின் கதை இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டியது. 2020 டிசம்பர் 10 அன்று வெளியாவதற்கு முன்பே 80 லட்சம் பேர் முன்பதிவு செய்திருந்தார்கள். டிஜிட்டல் முன்பதிவில் வந்த தொகை மட்டுமே தயாரிப்பு, விளம்பரச் செலவைத் தாண்டிவிட்டதாக நிறுவனம் அறிவித்தது. கணக்குப்படி முதல் நாளே வெற்றி. ஆனால் பழைய கன்சோல்களில் (பிளேஸ்டேஷன் போல டிவியில் இணைத்து விளையாடும் கருவிகளில்) கேம் ஓடவே திணறியது. ஒரே வாரத்தில் சோனி தன் பிளேஸ்டேஷன் கடையிலிருந்து அதை நீக்கிவிட்டு, கேட்டவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. மறுபடி கடைக்குத் திரும்ப 2021 ஜூன் ஆயிற்று. நிறுவனம் கேமைக் கைவிடாமல் வருடக்கணக்கில் பணம் போட்டுச் சரிசெய்தது; 2023 செப்டம்பரில் ஃபேன்டம் லிபர்ட்டி என்ற பெரிய கூடுதல் கதையையும் வெளியிட்டது. 2024 நவம்பரில் 3 கோடி பிரதிகள் விற்றதாக அறிவிப்பு வந்தது. ஓர் ஆன்லைன் கேம் இப்படிச் சறுக்கி விழுந்திருந்தால் எழுந்திருப்பது மிகக் கடினம். விளையாட ஆட்கள் இல்லாத இடத்துக்குப் புதிதாக ஆட்கள் வரமாட்டார்கள்.

எங்கே அடி வாங்குகிறார்கள்?

2012-ல் ஸ்லீப்பிங் டாக்ஸ் என்றொரு கேம் வந்தது. ஹாங்காங்கில் நடக்கும் கதை. நல்ல கேம், இன்றைக்கும் தைரியமாகப் பரிந்துரைப்பேன். சில மாதங்களில் 17 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. ஆனால் வெளியிட்ட ஸ்கொயர் எனிக்ஸ் நிறுவனம் 2013-ல் அதை எதிர்பார்ப்பை எட்டாத கேம்களின் வரிசையில்தான் வைத்தது. அதை உருவாக்கிய ஸ்டூடியோ 2016-ல் மூடப்பட்டது. 17 லட்சம் பேர் காசு கொடுத்து வாங்கிய ஒரு பொருளைத் தோல்வி என்று சொல்ல வேண்டிய நிலைமை வந்தால், கோளாறு வாங்கியவர்களிடம் இல்லை. செலவைத் தீர்மானித்த மேசையில் இருக்கிறது.

இது புதிதும் இல்லை. 1999-ல் ஜப்பானின் சேகா நிறுவனத்தின் ஷென்மூ என்ற கேம் வந்தது. அதை உருவாக்கிய யூ சுசுகி பின்னாளில் சொன்ன கணக்கு சுமார் 4.7 கோடி டாலர். அந்தக் காலத்துக்கு மலைக்க வைக்கும் தொகை. அது வெளியான டிரீம்காஸ்ட் கன்சோலோ தன் ஆயுள் முழுவதும் ஒரு கோடி கூட விற்கவில்லை. வாங்கக்கூடியவர்களின் எண்ணிக்கையே அவ்வளவுதான் என்னும்போது எவ்வளவு அருமையான கேமாக இருந்தாலும் என்ன செய்ய முடியும்?

எனக்கு மொத்த விஷயமும் இதில் அடங்கியிருப்பதாகத் தோன்றுகிறது. சிங்கிள் பிளேயரா, மல்டிபிளேயரா என்பதை விட, நிச்சயமாக வாங்குவார்கள் என்று நம்பத்தக்க கூட்டம் எவ்வளவு, அதற்கு ஏற்ற செலவா என்பதுதான் பார்க்க வேண்டியது. நிண்டெண்டோவின் பிரெத் ஆஃப் தி வைல்டு தயாரிப்பில் இருந்தபோது, 2016 பங்குதாரர் கூட்டத்தில் அந்த நிறுவனத்தின் மூத்த கேம் வடிவமைப்பாளர் மியாமோட்டோ 20 லட்சம் பிரதி விற்றால் செலவை எடுத்துவிடலாம் என்று சொன்னார். 3 கோடிக்கு மேல் விற்றது. 20 லட்சத்துக்குத் திட்டமிட்டதால், ஒரு கோடி மட்டும் விற்றிருந்தாலும் அவர்கள் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள். 72 லட்சத்துக்குத் திட்டமிட்டவர்களுக்கு அந்த நிம்மதி கிடையாது.

"ஆன்லைன் கேமே செய்துவிடலாமே?"

பல நிறுவனங்கள் இப்படித்தான் யோசித்தன. ஒருமுறை விற்றுவிட்டு ஐந்து வருடம் காத்திருப்பதற்குப் பதில், லைவ் சர்வீஸ் கேம் ஒன்றைத் தொடங்கி, உடை, ஆயுதம், சீசன் பாஸ் என்று மாதாமாதம் வசூலிக்கலாம் அல்லவா? இதற்கு எடுத்துக்காட்டாக ஜிடிஏ 5-ஐ (கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 5) காட்டுவார்கள். 2013 செப்டம்பரில் வந்து மூன்றே நாளில் 100 கோடி டாலர் வசூலித்து, இன்றுவரை 20 கோடி பிரதிகளுக்கு மேல் விற்றது. அதன் ஆன்லைன் பகுதி கொட்டிய பணத்தில், ஒற்றை ஆள் கதைக்கான கூடுதல் பாகங்கள் வரவே இல்லை. ஆகவே ஜிடிஏ 5-ன் எண்களைச் சிங்கிள் பிளேயருக்கு ஆதரவாகவும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது, எதிராகவும் முடியாது.

ஆனால் ஒரே நிறுவனம் ஒரு வருட இடைவெளியில் இரண்டு வழியிலும் போய்ப் பார்த்த உதாரணம் கிடைத்திருக்கிறது. 2023 பிப்ரவரியில் வார்னர் பிரதர்ஸ் வெளியிட்ட ஹாக்வார்ட்ஸ் லெகஸி முழுக்க முழுக்கத் தனியாக விளையாடும் ஓப்பன் வேர்ல்டு. இரண்டே வாரத்தில் 1.2 கோடி பிரதிகள், 85 கோடி டாலர். ஹாரி பாட்டர் ரசிகர்கள் என்ற தயாரான கூட்டம் அதற்கு இருந்தது. சரியாக ஒரு வருடம் கழித்து 2024 பிப்ரவரியில் அதே நிறுவனம் சூசைட் ஸ்குவாட் கேமை லைவ் சர்வீஸாக வெளியிட்டது. அதனால் 20 கோடி டாலர் நஷ்டக் கணக்கு எழுத வேண்டியதாயிற்று. அதே ஆண்டு ஆகஸ்டில் சோனியின் கான்கார்ட் என்ற ஆன்லைன் கேம் வந்து, இரண்டு வாரத்தில் மூடப்பட்டு, வாங்கிய எல்லோருக்கும் பணம் திருப்பித் தரப்பட்டது. ஆன்லைன் வழியில் வெற்றி பெறுபவர்களின் லாபம் மிகப் பெரியதுதான். ஆனால் அங்கே ஏற்கெனவே குடியேறிவிட்ட சில கேம்கள் எல்லோருடைய நேரத்தையும் பிடித்து வைத்திருக்கின்றன. புதிதாக வருகிறவருக்கு இடம் சொற்பம்.

சோனி, நிண்டெண்டோ, மைக்ரோசாஃப்ட் ஆகியோரின் கணக்கு கொஞ்சம் வேறு. அவர்களுக்கு ஒரு பெரிய கேம் கன்சோலையும் சந்தாவையும் விற்றுத் தரும். கன்சோல் வாங்கியவர் பிறர் கேம்களை வாங்கும்போதும் 30 சதவீதம் இவர்களுக்கு வரும். எனவே கேம் தனியாகச் சம்பாதிப்பது குறைந்தாலும் தாங்குவார்கள். சொந்தக் கன்சோல் இல்லாத யூபிசாஃப்ட் போன்றவர்களால் முடியாது. 2024-ல் ஸ்டார் வார்ஸ் அவுட்லாஸ் எதிர்பார்த்தபடி விற்காததும், அஸாசின்ஸ் க்ரீட் ஷேடோஸ் 2025 மார்ச் வரை தள்ளிப்போனதும் அந்த நிறுவனத்தையே உலுக்கின. அதே மாதம், தன் முக்கிய கேம்களுக்காகத் தொடங்கும் துணை நிறுவனத்தில் 25 சதவீதத்தை 116 கோடி யூரோவுக்கு சீனாவின் டென்சென்டுக்குக் கொடுப்பதாக அறிவித்தது.

கட்டிய ஊரை மறுபடி பயன்படுத்துவது

செலவைக் குறைக்க வழி இல்லாமல் இல்லை. அளவைச் சுருக்கலாம். செக் நாட்டின் வார்ஹார்ஸ் ஸ்டூடியோ கிங்டம் கம் டெலிவரன்ஸ் 2 கேமைச் சுமார் 4 கோடி டாலரில் செய்ததாகச் செய்திகள் வந்தன. 2025 பிப்ரவரியில் வெளியாகி ஒரே நாளில் பத்து லட்சம் பிரதிகள் விற்றது.

எனக்கு இன்னும் பிடித்த வழி, கட்டிய ஊரை வீணாக்காமல் இருப்பது. டோக்கியோவின் கபுகிச்சோ பகுதியை மாதிரியாக வைத்து சேகாவின் யாகுசா கேம்களுக்காக 2005-ல் கமுரோச்சோ என்ற சின்ன ஊரைக் கட்டினார்கள். அதே தெருக்களைத்தான் பாகத்துக்குப் பாகம் புதுப்பித்துப் பயன்படுத்தினார்கள். அலுப்புத் தட்டும் என்று தோன்றும். ஆனால் அந்தக் கேம்களை விளையாடியவர்களிடம் கேட்டுப் பாருங்கள்: போன பாகத்தில் பார்த்த கடை இந்தப் பாகத்தில் மாறியிருப்பதைக் கண்டால் அவர்களுக்கு உண்மையிலேயே மனசு அசையும். ஸ்டூடியோவுக்கோ, மற்றவர்கள் ஆறு வருடத்துக்கு ஒரு கேம் தரும்போது இவர்களால் கிட்டத்தட்ட வருடத்துக்கு ஒன்று தர முடிகிறது.

இன்சோம்னியாக்கே 2020-ல் முதல் ஸ்பைடர்-மேனின் நியூயார்க்கை அப்படியே எடுத்துப் பனி போர்த்தி மைல்ஸ் மொராலிஸ் கேமைச் செய்தது. நிண்டெண்டோ 2023-ல் பிரெத் ஆஃப் தி வைல்டின் அடுத்த பாகமான டியர்ஸ் ஆஃப் தி கிங்டம் கேமுக்கு, முந்தைய பாகத்தின் ஹைரூல் நாட்டு நிலப்பரப்பையே அடித்தளமாக வைத்து, மேலே வானத்தில் தீவுகளையும் கீழே நிலத்தடி உலகத்தையும் சேர்த்தது. "பழைய மேப்புக்கு 70 டாலரா?" என்று வெளியாகும் முன்பு பலர் கேட்டார்கள். மூன்று நாளில் ஒரு கோடி பிரதிகள் விற்றது. கேம் கிட்டத்தட்ட முடிந்த பிறகும், கடைசி ஒரு வருடத்தை மெருகேற்றுவதற்கென்றே ஒதுக்கியதாகத் தயாரிப்பாளர் அயோனுமா சொன்னார்.